இது யூ.எஸ்.பி இல்லை

அவர் முதன்முதலாக என் கடைக்கு வந்தது வேலை கேட்டு அல்ல, சண்டை போட.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில், பூமாலைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். லிஃப்ட் கிடையாது. ஏறி வருகிறவர்கள் முதலில் நாற்காலியில் விழுந்து இரண்டு நிமிடம் மூச்சு வாங்குவார்கள், பிறகுதான் குறையைச் சொல்வார்கள். இவர் ஒரு சிபியு பெட்டியைப் சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் பையில் போட்டு இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து, அத்தனை படியும் ஏறி, மேசைமேல் பெட்டியை வைத்தார். நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முன்னால இருக்கிற யூ.எஸ்.பி வேலை செய்யல. ரெண்டு கடையில காட்டிட்டேன். ரெண்டு பேரும் மேட்ச் ஆகாது, புதுக் கேஸ் வாங்குங்கன்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

திறந்து பார்த்தேன். பெட்டி ஒரு கம்பெனி, உள்ளே இருக்கும் மதர்போர்டு வேறு கம்பெனி. பெட்டியின் முகப்பில் நாம் பென்டிரைவ் செருகுகிற ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றிலிருந்து சில ஒயர்கள் உள்ளே ஓடி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னப் பிளக்கில் முடியும். அந்தப் பிளக் போர்டில் நிற்கும் பின்கள்மேல் போய் உட்கார வேண்டும். கம்பெனி வேறு என்றால் சில சமயம் ஒயர்களின் வரிசையும் வேறாக இருக்கும். நானும் அந்த இரண்டு கடைக்காரர்கள் சொன்னதையே சொன்னேன்.

"மேட்ச் ஆகாதுக்கா. வேற கேஸ்தான் வாங்கணும் லா."

"எது மேட்ச் ஆகாது?"

"பிளக்கு."

"பிளக்குல எது?"

எனக்குக் கோபம் வந்தது. பதில் தெரியாத கேள்வி கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். "மீட்டர் இருக்கா பாஸ்?" என்று கேட்டு, ஒயரில் மின்சாரம் பார்க்கிற மீட்டரை வாங்கிக்கொண்டார். ஊக்கின் முனையால் பிளக்கில் ஒவ்வொரு துளைக்கும் மேலே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை மெல்லத் தூக்கினார். ஒயர் தன் உலோக நுனியோடு வெளியே வந்தது. ஒவ்வொன்றாக உருவி, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்து, பீப் என்று சத்தம் வந்ததும் தலையசைத்து, வேண்டிய துளையில் திரும்பச் சொருகினார். இருபது நிமிடம். என் பென்டிரைவை முகப்பில் செருகினேன், விளக்கு எரிந்தது.

"மேட்ச் ஆகாதுன்னு சொல்றதுக்கு முன்னால எது ஆகலன்னு சொல்லணும் பாஸ்."

பெட்டாலிங் ஜெயாவில் ஒயர் கட்டும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் இருந்தாராம். சரியாகக் கட்டுவதும் அவர்தான், மற்றவர்கள் தப்பாகக் கட்டியதைப் பிரிப்பதும் அவர்தான். அவர் வேலை செய்த பிரிவை அந்த மாதம்தான் மூடியிருந்தார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று கேட்டேன். "மொதல்ல படிக்கட்டுல லைட்டு போடுங்க, வரேன்" என்றார். போட்டேன், வந்தார். நான்கு வருடம் இருந்தார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் எழுதி ஒட்டிவிட்டுப் போன சீட்டுகள் எதிலும் அவர் பெயர் இருந்ததில்லை, நான் மட்டும் எழுதினால் நன்றாக இருக்காது. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்று தெரிவதற்குள் அந்த அக்கா ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் என்னை பாஸ் என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்பது நான்கு வருடமும் எனக்குப் பிடிபடவில்லை.

யூ.எஸ்.பி ஒயர்களுக்கு நிறம் உண்டு. சிவப்பில் மின்சாரம், கறுப்பு எர்த், வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும், நானும் வாடிக்கையாளர்களிடம் அறிஞன் மாதிரி விளக்குவேன். அவர் நிறத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார்.

"நெறத்த நம்பாதீங்க பாஸ். ஒரு நாள் எங்க லைன்ல செவப்பு தீந்துபோச்சு. லோரி சாயங்காலம்தான் வரும். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டு ஆரஞ்சு போடச் சொன்னாரு. ஆரஞ்சும் தீந்துச்சு. அதுக்கப்புறம் என்ன போட்டோம்னு எங்களுக்குத்தான் தெரியும். அதெல்லாம் இப்ப யார் வீட்டுல இருக்கோ."

ஆகவே ஒயரைத்தான் கேட்க வேண்டும் என்பார். மீட்டர் வைத்துப் பார்ப்பதை அவர் அப்படித்தான் சொல்வார். "கேட்டுட்டீங்களா?" "கேக்காமயா மாட்டுனீங்க?" புதிதாக வருகிறவர்கள் யாரைக் கேட்க வேண்டும் என்று திருதிருவென்று விழிப்பார்கள்.

இந்தக் கேட்கும் புத்தி கடையோடு நின்றதா என்றால் இல்லை. சாயங்காலம் ரயில் நிலையத்தில் பலகையில் கிள்ளான் என்று பெரிதாகப் போட்டிருக்கும், ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். இவர் பெட்டிக்குள் ஏறி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் "இது கிள்ளான் போகுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். அவர் கேட்ட ஆள் "எனக்குத் தெரியாதுக்கா, நானும் புதுசு" என்றான். இவர் உடனே இறங்கிப் பக்கத்துப் பெட்டியில் ஏறிக் கேட்டார். எனக்கு மானம் போனது. அவருக்கு ஒன்றும் போகவில்லை.

இன்னொரு நாள் என் தங்கை கடைக்கு வந்திருந்தாள். மகளுக்கு செமினியில் ஒரு வரன் பார்த்திருந்தார்கள். "பத்துப் பொருத்தத்துல ஒம்போது இருக்குக்கா, அய்யரே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு" என்று அவரிடம் பெருமையாகச் சொன்னாள். இவர் அப்போது ஒரு பிளக்கைக் கையில் வைத்திருந்தார். யூ.எஸ்.பி பிளக்கில் பத்துத் துளைகள் இருக்கும், அதில் ஒன்று அடைத்திருக்கும். போர்டிலும் பத்து இடத்தில் ஒரு பின் இருக்காது. அடைத்த துளை பின் இல்லாத இடத்துக்கு நேராக வந்தால்தான் பிளக் இறங்கும்.

"அந்த ஒண்ணு எது இல்லன்னு கேட்டீங்களா?"

"ஏதோ ஒண்ணு, முக்கியமில்லன்னாரு."

"அத மொதல்ல கேளுங்க. இல்லாத ஒண்ண வெச்சுத்தான் எந்தப் பக்கம் மாட்டணும்னு தெரியும். அப்புறம் பொண்ணக் கேளுங்க. அத யாரும் கேட்டிருக்க மாட்டீங்க."

தங்கை முகம் சுருங்கிவிட்டது. படியிறங்கும்போது என்னிடம், வேலைக்கு வைத்திருக்கிற ஆளுக்கு வாய் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பெண்ணைக் கேட்டிருக்கிறாள். பெண்ணுக்கு அந்தப் பையனைப் பிடித்துத்தான் இருந்தது, கல்யாணமும் நடந்தது. கல்யாணத்துக்கு அக்காவுக்குத் தனிப் பத்திரிகை வந்தது.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்று உண்டு. "உள்ள போயிட்டா சரின்னு அர்த்தமில்ல பாஸ்." இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சில பழைய மதர்போர்டுகளில், யூ.எஸ்.பி பின்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பின் கூட்டம் இருக்கும். அது பழைய வீடியோ கேமராக்களை இணைப்பதற்கு. அதே அளவு, அதே பத்து இடம், அதே மூலையில் ஒரு பின் இருக்காது. யூ.எஸ்.பி பிளக் அதன்மேல் அழகாகப் போய் உட்காரும். ஆனால் யூ.எஸ்.பியில் வருவது ஐந்து வோல்ட், அங்கே வருவது பன்னிரண்டு. மாற்றிச் செருகிவிட்டு முகப்பில் எதை மாட்டினாலும் எரியும். போர்டில் பொடி எழுத்தில் பெயர் போட்டிருப்பார்கள்தான். பூதக்கண்ணாடி வேண்டும்.

இனி சீட்டு விஷயம். எந்தப் பெட்டியை மூடுவதற்கு முன்னும் அவர் கொஞ்சம் காகித டேப்பைக் கிழித்து, பால்பாயின்ட் பேனாவால் எழுதி, மூடியின் உட்பக்கம் ஒட்டுவார். எது பொருந்தவில்லை, எப்படி மாற்றினோம் என்று இருக்கும். அதோடு விட்டால் பரவாயில்லை. தப்பு நடந்திருந்தால் அதையும் எழுதுவார். 'இந்தப் பின்னை நான் வளைத்துவிட்டேன், நிமிர்த்தியிருக்கிறேன், இன்னொரு தடவை வளைத்தால் உடையும்.' 'இந்த ஸ்குரூ வேறு பெட்டியுடையது, இதனுடையது என் கையில் தொலைந்துபோனது.'

"இது கடையாக்கா, பாவமன்னிப்புக் கூண்டா?" என்று சத்தம் போட்டேன். "கஸ்டமர் படிச்சா என்ன நெனைப்பாங்க?"

"கஸ்டமர் தெறக்க மாட்டாங்க. நமக்கப்புறம் தெறக்கிறவனுக்கு எழுதுறேன். அவன் நம்ம தப்ப மறுபடி மொதல்லேர்ந்து செய்யணுமா?"

எனக்கு அது பிடிக்கவேயில்லை. நான் தப்புச் செய்கிறவன்தான், ஆனால் அதை எழுதி ஒட்டுகிற ஆள் இல்லை.

இப்போது செய்திக்காரர். அது நாங்கள் கடையில் வைத்த பெயர். பார்வையற்றவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாண வம்சம், அப்பா காலத்திலேயே இங்கே வந்தவர்கள். எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தார். கோபக்காரர். வைத்த இடத்தில் வைத்த பொருள் இல்லாவிட்டால் உரக்கத் திட்டுவார். ஆனால் குரல் அப்படியொரு குரல். ஓர் இணைய வானொலியில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தமிழ்ச் செய்தி வாசிப்பார். அவரிடம் ஒரு கருவி இருந்தது. கீபோர்டு நீளத்துக்கு ஒரு பட்டை, அதில் கம்ப்யூட்டர் திரையில் உள்ள வரி, பிரெய்ல் புள்ளிகளாக எழும்பி எழும்பி அடங்கும். விரலால் தடவித் தடவி வாய் வாசிக்கும். அது யூ.எஸ்.பியில் ஓடுவது. புதிது வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும்.

வானொலியில் அப்போதுதான் ஓர் இளம்பெண்ணை மாற்று வாசிப்பாளராக எடுத்திருந்தார்கள். "ஒரு சனிக்கிழமை விட்டால் போதும், அந்தக் கதிரை எனக்கில்லை" என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அவருக்கு இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

ஒரு வியாழக்கிழமை அவர் கம்ப்யூட்டரின் மதர்போர்டு செத்துப்போனது. பெட்டியையும் கருவியையும் கடையில் விட்டுவிட்டு, நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார். அக்கா தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரைப் பார்க்கப் போயிருந்தார், மதியம்தான் வருவார். என்னிடம் ஒரு பழைய போர்டு நல்ல நிலையில் இருந்தது. மாற்றினேன். முகப்பு யூ.எஸ்.பி பிளக்கை எடுத்தேன், பத்து இடம், மூலையில் பின் இல்லை, செருகினேன். என்ன இறுக்கம், என்ன கச்சிதம். கேட்கவில்லை. கடை என்னுடையது, தொழில் எனக்கு இருபது வருடப் பழக்கம், நான் யாரைக் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

செய்திக்காரர் வருவதற்கு முன் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கருவியை மாட்டினேன். புள்ளிகள் மொத்தமும் ஒரே சமயத்தில் எழும்பின. பிறகு மொத்தமும் விழுந்தன. பிளாஸ்டிக் எரிகிற வாசம் வந்தது. ஒயரைப் பிடுங்கினேன்.

அக்கா இரண்டு மணிக்கு வந்து, வாசத்தை முகர்ந்தார், பெட்டிக்குள் பார்த்தார். மீட்டரை எடுத்து அந்தப் பின்களில் வைத்தார். மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டு.

நான் அதற்குள் யோசித்து வைத்திருந்தேன். "கருவி பழசுக்கா. ஏழு வருசம் ஆகுதுன்னு அவரே சொல்லியிருக்காரு. மாட்டுனோம், ஓடலன்னு சொல்லிடலாம். நாமதான்னு தெரியவா போகுது?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

"சொல்லுங்க. நான் வேணாம்னு சொல்லல. ஆனா அப்படிச் சொன்னா இத நான் தெறக்க முடியாது."

"ஏன்?"

"பன்னெண்டு வோல்ட்டு உள்ள போச்சுன்னு தெரிஞ்சாத்தான் எங்க பாக்கணும்னு தெரியும். வாசல்ல இருக்கிற பாகம்தான் மொதல்ல அடி வாங்கும், உள்ளுக்குள்ள நல்லாவே இருக்கலாம். பழசு, செத்துப்போச்சுன்னு அனுப்பிட்டா அவரு வேற எங்கயாச்சும் குடுப்பாரு. அவன் தப்பான எடத்துல தேடிட்டு குப்பையில போடச் சொல்லுவான். நீங்க ஒயர்ல தப்பு நெறத்த பூசி அனுப்புறீங்க பாஸ்."

தொலைபேசியை எடுத்து என் முன்னால் வைத்தார். "சொருகினது நீங்க. நீங்களே பேசுங்க."

பேசினேன். வணக்கம் சொன்னேன், வெயிலைப் பற்றிச் சொன்னேன், கருவி எத்தனை வருடப் பழசு என்று கேட்டேன். அக்கா நகரவில்லை. "அண்ணே, நான்தான் தப்பு பண்ணிட்டேன். பிளக்க மாத்திச் சொருகிட்டேன். உங்க கருவி எரிஞ்சுபோச்சு" என்றேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன், நிஜத்தில் போயிருக்கக் கூடாதா என்று ஆசையும் பட்டேன்.

"சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் வாசிக்கோணும்," என்றார்.

"தெரியும்ணே. அக்கா திறந்து பாக்கிறேன்னு சொல்றாங்க. நீங்க சரின்னாத்தான்."

"திறக்கட்டும். ஆனால் நான் பக்கத்திலை இருக்கோணும்."

வந்தார். தடியைத் தட்டித் தட்டி அத்தனை படியும் ஏறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார். அக்கா கருவியில் ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். "ஒண்ணு. ரெண்டு. இது குட்டை, தனியா வெச்சுக்குங்கண்ணே." பார்ப்பதை எல்லாம் சொல்லிக்கொண்டே போனார். ஒயர் நுழைகிற இடத்தில் எள்ளு அளவுக்கு இரண்டு பாகம், ஒன்று கறுத்திருக்கிறது, இன்னொன்று வெடித்திருக்கிறது, அதற்கு உள்ளே பச்சைப் பலகை சுத்தமாக இருக்கிறது. நான் எல்லோருக்கும் குடிக்கத் தே வாங்கி வரப் போனேன். அந்த மேசைப் பக்கம் நிற்க எனக்கு முகமில்லை.

அதே அளவுப் பாகங்கள் என் குப்பைப் பெட்டியில் கிடந்த செத்த போர்டுகளில் இருந்தன. தேடி எடுப்பதற்கே அன்றைய பொழுது போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை செய்திக்காரர் மறுபடி வந்து உட்கார, அக்கா பற்றவைத்தார். பிறகு பெட்டியின் பிளக்கைச் சரியான பின்களுக்கு மாற்றி, மீட்டரை எடுத்துக் கேட்க ஆரம்பித்தார். பீப்.

செய்திக்காரர் தலையைத் திருப்பினார். "அது என்ன சத்தம்?"

"இந்த ஒயரு போக வேண்டிய எடத்துக்குத்தான் போகுதுன்னு அர்த்தம்ணே. போகலன்னா சத்தம் வராது."

அவர் முகம் மாறிவிட்டது. அதுவரை எங்கள் வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தவருக்கு இப்போது தானே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா."

பீப்.

"அடுத்தது. இன்னொருக்கா."

ஒவ்வொரு ஒயரையும் மூன்று தடவை கேட்க வைத்தார். அக்காவுக்கு அன்றைக்குத்தான் தனக்குச் சமமான ஆள் கிடைத்தார் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பீப் கேட்டார்கள். கடைசியில் ஐந்து வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்த்து, முதலில் என்னுடைய பென்டிரைவைப் பலியாடாக மாட்டிப் பார்த்து, அது பிழைத்த பிறகு கருவியை மாட்டினார். புள்ளிகள் எழும்பின. செய்திக்காரர் விரலை வைத்து இடமிருந்து வலம் ஓட்டினார். ஓரத்தில் இரண்டு புள்ளிகள் மட்டும் எழவில்லை, பரவாயில்லை என்றார். போகும்போது என் பக்கம் முகத்தைத் திருப்பி, "உம்மடை வேலையையும் இனி அவவே பாக்கட்டும்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

அன்று மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்தபோது, செய்திக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகத் தயாராக இருந்த அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். சீட்டு இருந்தது. 'இது யூ.எஸ்.பி இல்லை. உள்ளே போகும், ஆனால் எரிக்கும். பாஸ் ஒரு தடவை செருகிவிட்டார்.' அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது, படிக்க எனக்குப் பொறுமை இல்லை. ரத்தம் தலைக்கேறிவிட்டது. நான் சம்பளம் கொடுக்கிற ஆள், என் தப்பை என் கடைப் பெட்டியிலேயே எழுதி ஊருக்கு அனுப்புவதா? கிழித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

அவர் வந்து, பெட்டியைத் தள்ளுவண்டியில் வைப்பதற்கு முன், வழக்கம்போல மூடியை ஒருமுறை திறந்து பார்த்தார். டேப் கிழிந்த தடம் இருந்தது. என்னைப் பார்த்தார். மூடிவிட்டு, வண்டியைப் படியில் இறக்கித் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு தெரு தள்ளிப் போய்வர இரண்டு மணி நேரம் ஆனது.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"தே குடிச்சோம்."

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கடையில் ஸ்பீக்கரைப் போட்டேன். செய்திக்காரர் வாசித்தார். ஒரு தடங்கல் இல்லை. எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. அக்கா ஊக்கால் ஏதோ ஒரு பிளக்கைப் பிரித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அந்த ரெண்டு புள்ளி இல்லாமயே சமாளிச்சுட்டாரு" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். செமினியில் மருத்துவக் கருவிகளுக்கு ஒயர் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேலாளராகக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். போகிற அன்று மீட்டரை என் கையில் கொடுத்து, "கேளுங்க பாஸ்" என்றார், அவ்வளவுதான். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவார். நானும் கடையைப் பெட்டாலிங் ஜெயாவுக்கு மாற்றிவிட்டேன். அவர் போன பிறகு ஒருமுறை செய்திக்காரர் வீட்டுக்குப் பெட்டியின் தூசி தட்டப் போயிருந்தேன். உள்ளே அந்தப் பின்களுக்குப் பக்கத்தில், தகரத்தின்மேல், நீளமான பிளாஸ்டிக் பட்டைகள் நாலு, புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தன. அவர் வீட்டில் அரிசி டின்னிலிருந்து ஃபேன் சுவிட்ச் வரை எல்லாவற்றிலும் அந்தப் புள்ளிப் பட்டை உண்டு. கையால் அழுத்திப் பிரெய்ல் எழுத்து அடிக்கிற சின்னக் கருவி அவரிடம் இருந்தது. அவருடைய அடையாளம் ஏதோ என்று நினைத்து, தூசி தட்டி மூடிவிட்டேன்.

போன மாதம் ஒரு காலையில் செய்திக்காரர் அழைத்தார். இன்னும் வாசிக்கிறார். பெட்டியின் முகப்பு உடைந்துவிட்டதால் புதுப் பெட்டிக்கு மாற்ற, செலாயாங்கிலிருந்து ஒருவரை வீட்டுக்கே வரவழைத்திருக்கிறார்.

"இவர் பிளக்கைச் செருகப் போனவர். பக்கத்திலை ஏதோ புள்ளி ஒட்டிக் கிடக்குது, இது என்ன எண்டு என்னைக் கேட்டார். தடவிப் பார்த்தன். நான் அடிச்சது, அவ சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சுக் குடுத்தனான். மறந்தே போனன். உமக்கு வாசிக்கட்டோ?"

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னால் படிக்க முடியாத எழுத்தில், எனக்குக் கிழிக்கத் தோன்றாத இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "வாசிங்கண்ணே" என்றேன்.

"இது யூ.எஸ்.பி இல்லை. உள்ளே போகும், ஆனால் எரிக்கும். பாஸ் ஒரு தடவை செருகிவிட்டார்." விரல் அடுத்த பட்டைக்குப் போகிற நேரம் நிறுத்தினார். "பாஸே போன் எடுத்து உண்மையைச் சொன்னார், அதனால்தான் கருவி பிழைத்தது."

அந்தக் காகிதத்தில் நான் படிக்காமல் கிழித்த நான்காவது வரி.

போனை ஸ்பீக்கரில் போட்டிருப்பார் போல, பின்னாலிருந்து செலாயாங்காரர் குரல் கேட்டது. "பாஸ், நெசமாவா? நீங்களா சொருகினீங்க?"

"ஆமா, நான்தான். நீங்க மீட்டர் வெச்சுக் கேட்டுட்டு மாட்டுங்க," என்றேன்.

செய்திக்காரர் அழைப்பை வைக்கப் போனார். கடையில் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அண்ணே," என்றேன். "இன்னொருக்கா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சனிக்கிழமைக் குரலில், முதல் வரியிலிருந்து வாசித்தார்.